பின்பாதியை அடிப்பவன்

தன் பாதியை அடித்து முடித்ததும் அவர் வழக்கம்போல நாற்காலியை விட்டு எழுந்து, நான்கு எட்டு நடந்து, கதவோரச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நின்ற பிறகுதான் நினைவு வந்தது, அறையில் வேறு யாரும் இல்லை என்று.

சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லை. முந்தின நாள் காலையில் ஏறிய வேலை, மாற்று ஆள் வராததால் இன்றைக்குப் பிற்பகல் வரை இழுத்துக்கொண்டு வந்திருந்தது. முழங்கால் இரண்டும் யாரோ கடனாகக் கொடுத்தவை போல இருந்தன. சரி, நின்றது நின்றாயிற்று, ஒரு நிமிஷம் இப்படியே நிற்போம் என்று நெற்றியைச் சுவரில் சாய்த்தார். சுவர் குளிர்ந்திருந்தது. சுகமாக இருந்தது.

அது ஓர் ஆஸ்பத்திரியின் அடித்தளம். மேலே ஐந்து மாடிக்கு வார்டுகள், அறுவை அறைகள், அழுகை, செருப்புச் சத்தம். கீழே ஜெனரேட்டரும் அவரும். இருபத்தாறு வருஷமாக அந்த ஜெனரேட்டரைக் கட்டி மேய்ப்பதால் எல்லாரும் அவரை ஜெனரேட்டர் என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவருக்கு இரண்டாம் தடவைதான் காதில் ஏறும்.

ஜெனரேட்டரை அடுத்து இந்த மெஷின் ரூம். ரயில்பெட்டி நடைவழி மாதிரி நீளமாக, குறுகலாக, ஜன்னலே இல்லாமல். ஒரு கோடியில் மேசை, அதன்மேல் திரையும் கீபோர்டும் ஒரு இன்டர்காமும். மறுகோடியில் கதவு. நடுவில், பீரோ உயரத்துக்கு, மெஷின். ஆஸ்பத்திரியில் எடுக்கிற ஸ்கேன் படங்கள், ரத்த முடிவுகள், யாருக்கு எந்த இடத்தில் கத்தி வைக்க வேண்டும் என்ற குறிப்புகள் எல்லாம் அதன் வயிற்றுக்குள்தான். நோயாளிகளின் சங்கதி வெளியே போய்விடக் கூடாது என்று டிஸ்க் முழுவதற்கும் பூட்டுப் போட்டிருந்தார்கள். கழற்றிக்கொண்டு போனாலும் திருடனுக்கு வெறும் தகரம்தான் மிஞ்சும்.

பூட்டில் ஒரு தொல்லை. கரண்ட் போய் மெஷின் விழுந்து எழும்போதெல்லாம், அது பாதி எழுந்து, கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். பாஸ்வேர்டு கேட்கும். ஆள் நேரில் வந்து இந்தக் கீபோர்டில் அடித்தால்தான் மேற்கொண்டு எழும். மூன்று தடவை தப்பாக அடித்தால் கதவைச் சாத்திக்கொள்ளும். அப்புறம் கம்பெனி ஆள் வெளியூரிலிருந்து வந்தால்தான் உண்டு. யூபிஎஸ் பேட்டரி செத்து இரண்டு வருஷத்துக்கு மேல். புதிது வாங்க எழுதிப்போட்ட தாள் எந்த மேசையில் தூங்குகிறதோ. அதனால் கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கிற இருபது விநாடிக்குள் மெஷின் ஒவ்வொரு தடவையும் விழுந்தது.

முழு பாஸ்வேர்டையும் ஒருவரிடம் கொடுப்பதற்கு நிர்வாகத்துக்கு மனம் வரவில்லை. இரண்டாக வெட்டினார்கள். முன்பாதி, எப்போதும் கீழேயே கிடக்கிற ஜெனரேட்டர்காரருக்கு. பதினான்கு எழுத்து. பின்பாதி, கம்ப்யூட்டர் பார்க்கிறவனுக்கு. பதினோரு எழுத்து. ஒருவர் அடிக்கும்போது மற்றவர் கதவோரம் போய்ச் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். கீபோர்டு சத்தம் நின்றால் இடம் மாறிக்கொள்ள வேண்டும். சட்டம் அவ்வளவுதான். இரண்டு வருஷமாக இருவரும் அதைச் சுத்தமாகக் கடைப்பிடித்தார்கள். சுவரில் அதற்குச் சாட்சி இருந்தது. நெற்றி உயரத்தில் இரண்டு எண்ணெய்ப் பிசுக்கு வட்டம். கீழே இருந்தது இவருடையது. ஒரு முழம் மேலே இருந்தது நெட்டையனுடையது.

கம்ப்யூட்டர்காரனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். முப்பது தாண்டிய ஆள், கதவுக்குத் தலையைக் குனிந்துதான் வருவான். கடைவாய்ப் பல் சொத்தை. வைத்தியம் பார்க்க நேரமில்லாமல் எந்நேரமும் கிராம்பை அடக்கிக்கொண்டிருப்பான். அவன் வந்து போன இடத்தில் அரைமணி நேரம் கிராம்பு வாசனை நிற்கும். இரண்டு ஆள் வேலையை அவன் ஒருவன் பார்த்ததால் சுவரில் நெற்றியை வைத்த கணமே தூங்கிவிடுவான்.

"அண்ணே, நீங்க ஒத்த விரல்ல தேடித் தேடி அடிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்குக் கல்யாணமே ஆயிடும்போல."

"நின்னுக்கிட்டே தூங்குற ஆளுக்கு யாருடா பொண்ணு குடுப்பா."

"இந்தச் சுவரு குடுக்கும். அதுக்கு என்னை ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவர் ஒற்றை விரலில்தான் அடிப்பார். எழுத்தே நாற்பது வயதுக்கு மேல் தெரிந்துகொண்டது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரை அட்டையையும் பஸ் டிக்கெட்டையும் வைத்துச் சொல்லிக்கொடுத்தது. தன் பாதி என்ன என்று அவளிடம்கூட அவர் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

நெட்டையன் செத்து இருபத்துமூன்று நாள் ஆகியிருந்தது. அன்றைக்கு அவன் இரண்டு ஷிஃப்டைச் சேர்த்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்த ஒரு மணி நேரத்தில் கரண்ட் போனது. போன் போட்டு எழுப்பியது இவர்தான்.

"வர்றேண்ணே," என்றான். குரலில் பாதி இன்னும் தூக்கத்தில் இருந்தது. "நீங்க உங்க பாதியை அடிச்சு வச்சுட்டு நில்லுங்க. நான் வந்து என்னோடதை அடிக்கிறேன்."

இவர் அடித்து வைத்துவிட்டு நின்றார். ஒரு மணி நேரம் நின்றார். மழையில் வண்டியிலேயே கண் அசந்திருக்க வேண்டும் என்று பிறகு சொன்னார்கள். மண் லாரி. தார்ச்சாலையில் வெகுதூரம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. மறுநாள் கம்பெனி ஆள் வெளியூரிலிருந்து வந்து மெஷினை எழுப்பிவிட்டுப் போன பிறகு, கரண்ட் போய் அது விழுந்தது இன்றைக்குத்தான்.

இதையெல்லாம் நினைத்தபடி நெற்றியைச் சுவரில் வைத்துக் கண்ணை மூடி நின்றவருக்குப் பின்னால், மேசைப் பக்கம், ஒரு பட்டன் அமுங்கியது.

டக்.

ஏசி பெட்டிதான் ஏதோ சத்தம் போடுகிறது என்று நினைத்தார்.

டக். டக். டக் டக்.

வேகமான, பழகிய விரல்கள். ஒவ்வொரு விரலும் தன் இடம் தெரிந்து விழுந்தது. அவர் எண்ணவில்லை, இரண்டு வருஷப் பழக்கத்தில் காது தானாக எண்ணியது. பதினொன்று. அப்புறம் என்டர், கொஞ்சம் அழுத்தி, நெட்டையன் அடிக்கிற மாதிரியே. டிஸ்குகள் ஒவ்வொன்றாக முனகி எழுந்தன. திரும்பிப் பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது. திரையில் வரிகள் மளமளவென்று ஓடிக்கொண்டிருந்தன. மெஷின் திறந்துவிட்டது.

பயம் வந்திருக்க வேண்டும். அதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும் போலிருக்கிறது. அவருக்கு வந்தது ஓர் அசட்டு நிம்மதி. இனி வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம்.

மறுநாள் நிர்வாகி அம்மா கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் அரக்கு உடைத்த உறை ஒன்று கிடந்தது.

"பின்பாதி இதுல இருக்குன்னு பெட்டகத்துல வச்சிருந்தோம். நேத்து எடுத்துட்டுக் கிளம்புறேன், அதுக்குள்ள மெஷின் வந்துடுச்சுன்னு மேல இருந்து போன். நீங்க எப்படித் திறந்தீங்க?"

அவர் செருப்பைப் பார்த்தார்.

"அது போகட்டும். கம்பெனிக்காரங்களைக் கேட்டா, நெட்டையன் போன மாசமே அவன் பாதியை மாத்திட்டானாம். இந்த உறையில இருக்கிறது பழசு. ஒண்ணுத்துக்கும் ஆகாது. அப்ப புதுசு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சாகுறதுக்கு முன்னாடி சொல்லி வச்சாம்மா."

பொய் வாயிலிருந்து வந்ததே அவருக்குத் தெரியவில்லை.

"சட்டப்படி தப்புதான். இருந்தாலும் நல்ல காலம். எழுதிக் குடுங்க."

"எழுத வராதும்மா. விரலுக்குத்தான் தெரியும். வாயைக் கேட்டா முழிக்கும்."

அந்த அம்மாள் முதல் தடவையாகச் சிரித்தார். "என் வீட்டு லாக்கர் நம்பர் எனக்கு அப்படித்தான். சரி, கம்பெனி ஆள் மாசக் கடைசியில வர்றான். அதுவரைக்கும் உங்க விரலைப் பத்திரமாப் பாத்துக்கங்க, ஜெனரேட்டர்."

அடுத்த முறை கரண்ட் போனபோது அவருக்கு வேறு வழியில்லை. தன் பாதியை அடித்தார். எழுந்தார். நான்கு எட்டு. சுவர். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. ஏசியின் இரைச்சல், பக்கத்து அறையில் ஜெனரேட்டரின் உறுமல், தன்னுடைய மூக்கில் காற்று போய் வருகிற சத்தம். பிறகு நாற்காலி கிறீச்சிட்டது, உயரமான ஆள் ஒருவர் அதில் உட்காரும்போது மட்டும் வருகிற இடத்தில். கிராம்பு வாசனை பின்கழுத்தைத் தொட்டுக்கொண்டு வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனை: நனைந்த துணி, பெட்ரோல், வெயில் படாமல் மூடி வைத்த எதுவோ. பட்டன்கள் முன்பு போல வேகமாக விழவில்லை. ஒவ்வொன்றையும் நினைத்து நினைத்து அடித்தது போல இருந்தது. பதினொன்று. என்டர்.

திறந்தது.

அவர் நாற்காலிக்கு வந்து பார்த்தபோது பட்டன்களின் இடுக்கில் கறுப்பாக ஏதோ பொடி கிடந்தது. விரலால் தொட்டு வெளிச்சத்தில் பார்த்தார். தார் துணுக்கு. ஒரு மணல் துகள்.

துடைத்துவிட்டு நுனி வளைந்த சின்ன உளியால் இடுக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். ஜெனரேட்டரில் புகைக்கரி படிந்தால் எப்படிச் செய்வாரோ அப்படி. வேலை என்று ஆகிவிட்டால் எதையும் செய்யலாம்.

மூன்றாவது தடவை திரும்பி நின்றபோது, சட்டைப் பையிலிருந்த செல்போனை மெதுவாக எடுத்து, அதன் கறுப்புக் கண்ணாடியில் பின்பக்கம் தெரிகிறதா என்று பார்க்கலாமா என்ற யோசனை வந்தது. கை பைவரைக்கும் போனது. அங்கேயே நின்றது. இரண்டு வருஷத்தில் அவன் அடிக்கும்போது ஒரு தடவைகூட இவர் திரும்பிப் பார்த்ததில்லை. இவர் அடிக்கும்போது அவனும் பார்த்ததில்லை. அந்த ஒரு நம்பிக்கையில்தான் பின்னால் இருப்பது மேசையோடு நின்றுகொண்டிருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. பையிலிருந்து கையை எடுத்துவிட்டார். அன்றைக்குப் பட்டன் சத்தங்களுக்கு இடையில் ஒரு மூச்சு கேட்டது. உள்ளே இழுக்கிற மூச்சு மட்டும். வெளியே விடுகிற சத்தம் கேட்கவே இல்லை.

நிர்வாகி அம்மாவிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை மாடிப்படி ஏறினார். இரண்டு தடவையும் பாதிப் படியில் மனைவியின் நினைவு வந்து இறங்கிவிட்டார்.

அவளுக்கு வயிற்றில் கட்டி. ஊழியர் குடும்பம் என்று இதே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அறுவைக்கு முதல் தேதி கொடுத்த அன்று டாக்டர் வரவில்லை. இரண்டாம் தேதி அன்று இடமில்லை. மூன்றாவது தேதி அடுத்த வியாழன். கட்டி ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, ஸ்கேன் படம் கண்ணுக்கு முன்னால் இல்லாமல் கத்தியை வைக்க மாட்டேன், இதையும் தள்ளிப்போட்டால் அப்புறம் என்னிடம் வராதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். படம் மெஷினுக்குள். மெஷினைத் திறக்க இவர் ஒருவரால்தான் முடியும் என்று ஆஸ்பத்திரி நம்பியது. இல்லை என்று சொன்னால் கம்பெனி ஆள் வரும்வரை எல்லாத் தேதியும் தள்ளிப்போகும்.

புதன் இரவு முழுக்க அவள் கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வெறும் வயிற்றோடு படுக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் தூங்கவில்லை.

"உங்களைப் பாத்தா, நாளைக்கு அறுக்கப்போறது உங்களைத்தான்னு நினைச்சுக்குவாங்க," என்றாள்.

"தூக்கம் சரியில்ல."

"கீழ என்ன ஆச்சு? ஒரு மாசமா நீங்க சரியில்ல."

"ஒண்ணும் இல்ல. அந்தப் பையன் போனதிலிருந்து ரெண்டாள் வேலை."

அவள் கையை நீட்டி அவர் சட்டைக் காலரை முகர்ந்தாள். "கிராம்பு வாசனை அடிக்குது. பல்லு வலியா?"

அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

காலை எட்டரைக்கு அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். எட்டு ஐம்பதுக்கு வாசலில் நின்றுகொண்டிருந்தபோது தலைக்கு மேலே விளக்குகள் அணைந்தன. ஒன்று, இரண்டு என்று அவர் எண்ணிக்கொண்டே படியில் இறங்கி ஓடினார். இருபதில் ஜெனரேட்டர் பிடித்தது. விளக்குகள் வந்தன. மெஷின் விழுந்திருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்தார். கறுப்புத் திரை. ஒரே வரி. ஆட்காட்டி விரல் நடுங்கியது. இடது கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தார். அடிக்க அடிக்க எழுத்துக்குப் பதிலாக நட்சத்திரம் விழுந்தது. என்ன அடித்தோம் என்று திரை ஒருபோதும் காட்டாது. பதினான்கு. எழுந்தார். நான்கு எட்டு. சுவர்.

இந்தத் தடவை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அவர் நெற்றி சுவரைத் தொடும் முன்பே நாற்காலி கிறீச்சிட்டது.

டக்.

டக்.

வெகுநேரம் கழித்து, டக்.

சீக்கிரம்டா தம்பி, என்று அவர் மனதுக்குள் சொன்னார். சொன்னது தனக்கே வினோதமாக இருந்தது. உன் அண்ணி மேல படுத்திருக்கா. சீக்கிரம்.

பதினொன்று. என்டர்.

டிஸ்குகள் முனகவில்லை. மெஷின் ஒரே ஒரு தடவை, சின்னதாக, பீப் என்றது.

தப்பு.

இதுவரை ஒரு தடவைகூட தப்பியதில்லை. அவன் தப்பாக அடிக்க மாட்டான். தப்பியது தன் நடுங்குகிற விரல். எந்த எழுத்திலோ பக்கத்துப் பட்டனைத் தட்டியிருக்கிறது. முதலிலிருந்து அடிக்க வேண்டும். முன்பாதி இவருடையது. இவர் போய் நாற்காலியில் உட்கார வேண்டும்.

அப்படியென்றால் நாற்காலியில் இருப்பது எழுந்திருக்க வேண்டும். எழுந்து, சட்டப்படி, சுவருக்கு வர வேண்டும். இத்தனை நாளும் மெஷின் திறந்ததும் அது இல்லாமல் போய்விடும். இன்றைக்கு மெஷின் திறக்கவில்லை.

நாற்காலி கிறீச்சிட்டது. பாரம் இறங்குகிற சத்தம்.

நரநரவென்று ஓர் எட்டு. மணல் ஒட்டிய செருப்பு. ஒரு கால்தான் செருப்பு. மற்றது வெறுங்கால், ஈரமாக, தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

இரண்டு.

அவர் கண்ணை இறுக மூடினார்.

மூன்று. கிராம்பு. பெட்ரோல். அந்த மூடி வைத்த வாசனை, இப்போது மூடாமல்.

நான்கு.

இடது தோளுக்குப் பக்கத்தில் குளிர் வந்து நின்றது. திறந்த ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பது போல. காதுக்கு ஒரு முழம் மேலே, சுவரில், ஏதோ மெதுவாக வந்து சாய்ந்தது. நெற்றி சாய்கிற சத்தம் அவருக்குத் தெரியும். அது அதுதான், ஆனால் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு இல்லாதது போலக் கேட்டது.

மூச்சை உள்ளே இழுத்தது.

அவர் வலப்பக்கம் நகர்ந்தார். கண் திறக்கவில்லை. மெஷினின் தகரக் கதவைக் கையால் தடவிக்கொண்டே பக்கவாட்டில் நடந்து, மேசை விளிம்பு தொடையில் இடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்காருமிடம் ஈரமாக இருந்தது. கீபோர்டு பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கண்ணைத் திறந்தார்.

திரை கறுப்பு. கறுப்புக் கண்ணாடி. அதில் ட்யூப் லைட் தெரிந்தது, மெஷின் தெரிந்தது, அவர் தலை தெரிந்தது. தலைக்குப் பின்னால், தூரத்தில், கதவோரம், சுவரைப் பார்த்தபடி ஒரு நெட்டை முதுகு. சட்டையின் பின்பக்கம் இல்லை. முதுகின் பின்பக்கமும் அவ்வளவாக இல்லை.

அடித்தார்.

ஒன்று. இரண்டு. நட்சத்திரங்கள் அந்த முதுகின் மேலேயே வரிசையாக விழுந்தன. பட்டன் அமுங்குகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் அது அசையாமல் நின்றது. சட்டத்துக்குக் கட்டுப்பட்டு. அவன் எப்போதும் அப்படித்தான்.

எட்டு. ஒன்பது. ஒவ்வோர் எழுத்தையும் உதட்டை அசைத்துச் சரிபார்த்து அடித்தார்.

பதின்மூன்று.

பதினான்கு.

முடிந்தது. இனி விரலை எடுக்க வேண்டும். சத்தம் நின்றால் இடம் மாற வேண்டும். சத்தம் நின்றால் அது திரும்பும்.

விரல் பட்டனை விட்டு வரவில்லை. சத்தம் நிற்கக் கூடாது. அவர் தேவையில்லாத ஓர் எழுத்தை அடித்தார். பதினைந்து. உடனே அழிக்கும் பட்டனைத் தட்டினார். பதினான்கு. மறுபடி ஓர் எழுத்து. மறுபடி அழித்தார். டக், டக். டக், டக். நட்சத்திரம் வந்தது, போனது, வந்தது. பாஸ்வேர்டு கெடவில்லை. முதுகு திரும்பவில்லை. இப்படியே அடித்துக்கொண்டிருக்கலாம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். வலிக்கிற விரலுக்குப் பதில் அடுத்த விரல். அதற்குப் பதில் அடுத்தது.

இன்டர்காம் மணி அடித்தது.

வலது கை நிற்காமல் இடது கையால் எடுத்தார்.

"அண்ணே, என்ன பண்றீங்க?" மேலே அறுவை அறை சிஸ்டர். "அண்ணிக்கு மயக்கம் குடுத்தாச்சு. டாக்டர் கையுறை போட்டு நிக்கிறாரு. படம் வரல."

"அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் சிஸ்டர்."

"அடிக்கிற சத்தம் கேக்குது. என்ன இவ்வளவு நேரம்? மயக்கத்துல ரொம்ப நேரம் சும்மா வைக்க முடியாதாம். அஞ்சு நிமிஷம் பாப்பேன், இல்லன்னா எழுப்பி அனுப்பிடுவேன்ங்கிறாரு. இன்னொரு தேதி தர மாட்டாராம்."

டக், டக். டக், டக்.

"அண்ணே, லைன்ல இருக்கீங்களா?"

"அவ எப்படி இருக்கா?"

"தூங்குறாங்க. மாஸ்க் போடும்போது உங்களைத்தான் கேட்டாங்க. கீழ வேலையா இருக்காருன்னு சொன்னேன். ஜெனரேட்டர் ஓடுதுல்ல, அப்ப இருக்காருன்னு சொல்லிட்டுக் கண்ணை மூடிக்கிட்டாங்க."

போனை வைத்தார்.

டக். ஒரு நட்சத்திரம். டக். அழிந்தது. பதினான்கு. எண்ணிப் பார்த்தார். இன்னொரு தடவை எண்ணினார். சரியாக இருந்தது. கண் எரிந்தது. தோளிலிருந்து விரல்நுனிவரை ஒரே வலியாக இருந்தது. எல்லா வலியையும்விட, இதை யாராவது முடித்து வைத்தால் தேவலை என்ற களைப்பு பெரிதாக இருந்தது.

விரலை எடுத்தார்.

அறை அமைதியானது. திரையின் ஆழத்தில், நட்சத்திரங்களுக்குப் பின்னால், அந்த நெற்றி சுவரிலிருந்து பிரிந்தது. ஒட்டியிருந்தது பிய்கிற சத்தம். நெடுநேரம் நின்ற ஆள் கால் மாற்றுவதுபோல ஒரு காலை மாற்றி வைத்தது. திரும்பியது.

அவர் சுவருக்குப் போக வேண்டும். போக வேண்டுமென்றால் அந்தக் குறுகலில் அதைக் கடந்துதான் போக வேண்டும். எழுந்திருக்கக் கால் கேட்கவில்லை.

நரநர. ஈரம். நரநர. ஈரம்.

கண்ணை மூடத்தான் நினைத்தார். இமை இறங்கவில்லை.

திரையில் அவர் தலைக்கு மேலே, ட்யூப் லைட் தெரிந்த இடம் மறைந்தது. கன்னத்தை உரசாமல் உரசிக்கொண்டு, வலது தோளுக்கு மேலாக ஒரு நீளமான கை இறங்கி வந்தது. முழங்கைக்குக் கீழே தோலெல்லாம் பொடிப்பொடியாகத் தார் பதிந்திருந்தது. நகம் இல்லாத விரல்கள் கீபோர்டின் மேல் ஒரு கணம் தயங்கி, தங்கள் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, நிதானமாக, அவர் பார்த்துக்கொண்டிருக்கவே, முதல் பட்டனை அழுத்தின.

டக்.

பதினைந்தாவது நட்சத்திரம் விழுந்தது.